நரிக் குடும்பத்தில் ஒரு கரடி மாமா

ஒரு படத்துக்கு இரண்டாம் பாகம் எடுக்கிறவர்கள் முதலில் உட்கார்ந்து முதல் பாகத்தைப் பார்க்க வேண்டும் என்று யாராவது சட்டம் கொண்டுவந்தால், கொண்டுவந்தவருக்கே என் ஓட்டு. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் சொல்வது ஒரு நரிக் குடும்பத்தைப் பற்றிய கார்ட்டூன் படம். அப்பா நரி, அம்மா நரி, மூன்று குட்டிகள். அதன் மூன்று பாகங்களையும், அதை வைத்து வந்த வீடியோ கேம்களையும், அதன் படம் போட்டு வந்த தண்ணீர் பாட்டில், ஜாமெட்ரி பாக்ஸ், தலையணை உறை அத்தனையையும் இருபது வருடமாகக் கவனித்து வருகிறேன். விழுப்புரத்தில் கிழக்கு பாண்டி ரோட்டுப் பக்கம் பள்ளிக்கூடப் பைக்கடை வைத்திருப்பதால், இதெல்லாம் தொழிலுக்காக என்று வெளியில் சொல்லிக்கொள்கிறேன். வீட்டில் இருப்பவர்களுக்கு உண்மை தெரியும்.

என் கருத்துகள் சிலவற்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். பொம்மை வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது கண்ணை. வால் கொஞ்சம் கோணலாக இருந்தால் பரவாயில்லை; கண்ணின் கறுப்பு ஒரு நூல் தள்ளி அச்சாகிவிட்டால் அந்த நரி ஆயுசுக்கும் யாரையோ சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் பாட்டிலில் படத்தை அச்சிடாமல் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகிறவர்களை நான் மன்னிப்பதில்லை. பத்து நாளில் அப்பா நரி பாதி முகம் உரிந்து நிற்பார், குழந்தை அழும், அதன் அம்மா கடைக்கு வந்து என்னிடம் சண்டை போடுவார். அப்புறம் இந்த பொம்மை செட்டுகள். ஐந்து பேர் உள்ள குடும்பத்தை நான்கு பொம்மையாகப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். விட்டுப்போவது எப்போதும் அம்மாதான். ஏன் என்று சென்னை ஏஜென்ட் ஒருவரிடம் கேட்டேன். அம்மா பொம்மை ஓடாது என்றார். முதல் படத்தில் குட்டிகளைக் கிணற்றிலிருந்து மேலே கொண்டுவந்தது யார் என்று கேட்டேன். அவர் படமே பார்த்ததில்லையாம். பார்க்காதவர்கள்தான் உலகம் முழுக்க செட் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இவ்வளவு கறாராகப் பேசுகிற நான், இதே நரிக் குடும்பத்தைப் பற்றி ஒரே ஒரு முறை தெரிந்தே பொய் சொன்னேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அந்தப் பொய் போய் விழுந்தது என் தாய்மாமன் தலையில். அடுத்த மாதமே அவர் எங்கள் வீட்டைவிட்டுப் போனார். அதை அவர் முகத்தைப் பார்த்து ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை வருடம் ஆயிற்று.

எங்கள் வீடு திண்டிவனத்தில், மரக்காணம் ரோட்டில். அப்பா ரெக்சின் பை தைப்பார். அம்மா ஜிப் வைப்பார், வார் தைப்பார். அம்மாவின் தம்பி கல்யாணம் ஆகாமல் எங்களோடேயே இருந்தார். பையின் முன்பக்கத்தில் படம் போடுவது அவர் வேலை. ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட எக்ஸ்ரே ஃபிலிம்களை வாங்கிவந்து, பிளேடால் படத்தை வெட்டி எடுப்பார். அந்த ஓட்டையை ரெக்சின் மேல் வைத்து ஸ்பாஞ்சால் பெயிண்டை ஒற்றினால் படம் விழும். ஒரு நிறத்துக்கு ஒரு ஃபிலிம். எவருடைய விலா எலும்புக்கு நடுவிலோ ஒரு முயல் ஓட்டையாகத் தெரியும். ஞாயிறு பூசைக்குப் போய் வந்தபின் நானும் மாமாவும் அந்த ஃபிலிம்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இவருக்கு இருமல், இவருக்குக் கை முறிவு என்று டாக்டர் விளையாட்டு விளையாடுவோம்.

பாண்டிக்கு ரெக்சின் வாங்கப் போன மாமா ஒரு தடவை சண்டே மார்க்கெட்டிலிருந்து டிவி கேம் ஒன்றை வாங்கி வந்தார். கூடவே ஒரு மஞ்சள் கேசட். அதில்தான் எனக்கு நரிக் குடும்பம் அறிமுகம். படம் நான் பார்த்ததில்லை, அப்படி ஒரு படம் இருப்பதே தெரியாது. கேசட்டை ஊதி ஊதிச் செருகி, திரையில் அந்த ஐந்து நரிகளும் வரிசையாக வந்து நின்றபோது இதைவிடப் பெரிய விஷயம் உலகத்தில் இல்லை என்று முடிவுகட்டினேன். அந்த முடிவை இன்றுவரை மாற்றவில்லை. ஐந்து பேரில் யாரை வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு ஆடலாம். நான் எப்போதும் அம்மா நரி. மாமா கடைக்குட்டியை எடுத்துக்கொண்டு, பள்ளத்தைப் பார்த்தால் போதும், போய் விழுந்துகொண்டே இருப்பார்.

அடுத்த வருடம் அவர் இன்னொரு கேசட் கொண்டுவந்தார். மேலே பெரிதாக நான்காம் பாகம் என்று போட்டிருந்தது. இரண்டும் மூன்றும் எங்கே போயின என்று நாங்கள் கேட்கவில்லை. அது ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு கில்லாடி இரண்டு விளையாட்டுகளை ஒட்டுப்போட்டுச் செய்த போலி என்பது பத்து வருடம் கழித்து, பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு எங்களுக்கு அது அசல். அசலில் ஐந்து நரிகளோடு ஒரு கரடி இருந்தது.

கண்ணாடி போட்ட கரடி. அரைக்கை சட்டை. குட்டிகள் பள்ளத்தில் விழுந்தால் எங்கிருந்தோ வந்து, ஒன்றைத் தோளில் தூக்கி மேட்டில் விட்டுவிட்டுப் போய்விடும். கட்டத்தின் முடிவில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடும்போது அதுவும் ஒரு ஓரமாக உட்கார்ந்து சாப்பிடும். யார் இது என்று மாமா கேட்டார். எனக்கு ஒரு நொடிகூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அப்பா இருக்கிறார், அம்மா இருக்கிறார், பிள்ளைகள் இருக்கிறார்கள். வெளியிலிருந்து வந்து பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, ஆபத்து என்றால் முன்னால் நின்று, சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வீட்டில் இருக்கிறவர் வேறு யார்? தாய்மாமன்தான். நரியின் தம்பி எப்படிக் கரடியாக இருக்க முடியும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும் மாமா இல்லாத குடும்பத்தைவிட, கரடி மாமா உள்ள குடும்பம் எனக்கு இயல்பாகத்தான் பட்டிருக்கும்.

மாமா என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்த ஏப்ரலில் ஜூன் மாதத்துப் பைகளுக்கான படத்தை வெட்ட உட்கார்ந்தபோது, நரிக் குடும்பத்தையே போட்டார். அப்பாவுக்குச் சந்தேகம். நரியைப் போய் எவன் முதுகில் மாட்டுவான் என்றார். மாட்டுவார்கள் என்று நான் சொன்னேன். அப்பா நான் சொன்னால் கேட்பார்; அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆறு பேரும் பையில் ஏறினார்கள். நடுவில் கரடி, அதன் தோளில் கடைக்குட்டி.

அந்த வருடம் திண்டிவனத்தில் எந்தப் பள்ளிக்கூடத்து வாசலில் பார்த்தாலும் எங்கள் நரிகள். தினமும் நரி முகத்தில் முழிக்கலாம் என்று சொல்லியே அப்பா பஸ் ஸ்டாண்டு பக்கம் விற்றார். பிரம்மதேசத்திலிருந்து அண்ணன் தங்கையாக வந்த இரண்டு பிள்ளைகள் ஒரே பைக்காகச் சண்டை போட்டு, கடைசியில் அப்பா இன்னொன்று தைத்துத் தர வேண்டியதாயிற்று. பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, ஆனால் எல்லோரும் கரடியை மாமா என்றே சொன்னார்கள். எங்கள் வகுப்பில் கரடி மாமாவுக்கு எந்த ஊர், ஏன் கல்யாணம் ஆகவில்லை என்பதெல்லாம்கூடப் பேசி முடிவாகியிருந்தது. முடிவு செய்தது பெரும்பாலும் நான்தான். சந்தேகம் என்றால் என்னிடம் வருவார்கள்.

இரண்டு வருடம் இப்படி ஓடியது. பிறகு ஒரு கோடை விடுமுறையில், கேபிள் வைத்திருந்த தோழியின் வீட்டில் அந்தப் படத்தைப் போட்டார்கள். அசல் படம், இங்கிலீஷில். ஆரம்பத்திலிருந்து கடைசி எழுத்து ஓடி முடியும்வரை அசையாமல் பார்த்தேன். குட்டிகள் கிணற்றில் விழுந்தபோது, இதோ வரப்போகிறார் என்று தோழியின் கையைப் பிடித்துக்கொண்டேன். கரடி வரவில்லை. அம்மா நரிதான் இறங்கியது. கடைசிக் காட்சியில் சாப்பிட உட்கார்ந்தபோது ஐந்தே தட்டு.

வீட்டுக்கு வந்து நான் யாரிடமும் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொன்னவள் நான். தோழி எல்லோரிடமும் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது, அதைவிட அவமானமாக இருந்தது. பத்து நாள் அந்த அவமானத்தோடு சுற்றிக்கொண்டிருந்தேன்.

பதினோராம் நாள் விழுப்புரத்து வியாபாரி வந்தார். எங்கள் பைகளை மொத்தமாக எடுக்கிறவர். சிங்கப்பூரிலிருந்து யாரோ கொண்டுவந்த டிபன் டப்பா ஒன்றைப் பையிலிருந்து எடுத்து அப்பாவின் மிஷின் மேல் வைத்தார். வழுவழுவென்று, கண்ணெல்லாம் கச்சிதமாக அச்சாகியிருந்த நரிக் குடும்பம். ஐந்து பேர். இதில் கரடி எங்கே என்று கேட்டார். ஊரில் பெரிய கடைகளுக்கெல்லாம் இனி அசல்தான் வரப்போகிறது, தப்பான படம் போட்ட பையை எடுக்க முடியாது என்றார். அந்த சீசனுக்கான ரெக்சின் பாதிக்கு மேல் படம் போட்டு முடிந்து மூலையில் அடுக்கியிருந்தது.

அப்பா மாமாவைக் கேட்கவில்லை. என்னைத்தான் கூப்பிட்டார்.

"பாப்பா, இதுல எல்லாம் தெரிஞ்சவ நீதான். கரடி உண்டா, கெடையாதா?"

மாமா பிளேடும் ஃபிலிமுமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். நான் அவரைப் பார்க்காமல் சொன்னேன்.

"கெடையாதுப்பா. மாமாதான் தெரியாம வரைஞ்சிட்டாரு."

கரடி கிடையாது என்பதோடு நிறுத்தியிருக்கலாம். அது உண்மை. அடுத்த வாக்கியத்தை என்னை யாரும் கேட்கவில்லை. மாமா என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அப்பாவிடம், ஆமாம், நான்தான் பார்க்காமல் போட்டுவிட்டேன் என்றார். வியாபாரி எதிரிலேயே அப்பா கத்தினார். "இன்னா மச்சான், சீசன் நேரத்துல இப்பிடி பேஜாரு பண்ணி வச்சிருக்கியே." அம்மா உள்ளேயிருந்து வந்து தம்பியைப் பார்த்தார். மாமா எழுந்துபோய், படம் போட்ட ரெக்சின்களைப் பையின் முதுகுப் பக்கத்துக்கு வைத்துத் தைத்தால் வீணாகாது என்று சொல்லிவிட்டு, உடனே ஐந்து பேரை மட்டும் புதிதாக வெட்ட ஆரம்பித்தார். ஜூன் வரை இரவு பகல் பார்க்காமல் வேலை செய்தார். அந்த வருடப் பைகளைப் பார்த்த பிள்ளைகள் கரடி மாமா எங்கே என்று கேட்டார்கள். அப்பாவுக்கு எரிச்சல் வந்தது. எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை.

பள்ளிக்கூடம் திறந்த பரபரப்பு அடங்கியதும் மாமா கிளம்பினார். குயிலாப்பாளையத்தில் மரப் பொம்மை செய்கிற ஒரு பட்டறையில் வேலை கிடைத்திருக்கிறது என்றார். டிவி கேமை எனக்கே விட்டுவிட்டுப் போனார். அப்புறம் பொம்மையார்பாளையத்தில் பெண் எடுத்து அங்கேயே தங்கிவிட்டார். கோபித்துக்கொண்டு போனார் என்று யாரும் சொல்ல முடியாது. நான் பெரியவளானபோது தட்டுத் தட்டாகச் சீரோடு வந்து மாமன் முறையைக் குறைவில்லாமல் செய்தார். என் கல்யாணத்துக்கு முதல் ஆளாகக் கோவில் வாசலில் நின்றார். ஆனால் ஒரு ராத்திரிகூட எங்கள் வீட்டில் தங்கியதில்லை. கடைசி பஸ் போயிடும் என்று கிளம்பிவிடுவார். ஒவ்வொரு முறையும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். பஸ் வந்துவிடும்.

இதற்கிடையில் நரிக் குடும்பத்தைச் செய்தவர்கள் தங்கள் பங்குக்கு என்னைச் சோதித்தார்கள். நிஜமான இரண்டாம் பாகத்தில் அம்மா நரியைச் சமையலறையில் உட்காரவைத்து, சறுக்குப் பலகையில் போகிற ஒரு நகரத்து நரிப் பையனைக் கொண்டுவந்தார்கள். அதை வைத்து வந்த கம்ப்யூட்டர் கேமை விழுப்புரம் பிரவுசிங் சென்டரில் ஆடிப் பார்த்தேன். அம்மாவைத் தேர்ந்தெடுக்கவே முடியாது. அம்மா தொலைபேசியில் அறிவுரை சொல்வார், அவ்வளவுதான். அடுத்து வந்த கேமில் காட்சிகள் அற்புதம், நரியின் முடி ஒவ்வொன்றும் காற்றில் ஆடும், ஆனால் ஒருவர் மட்டுமே ஆடலாம். குடும்பத்தைப் பற்றிய விளையாட்டைத் தனியாக உட்கார்ந்து ஆட வேண்டுமாம். இதைக் கண்டுபிடித்தவர் வீட்டில் யாரும் அவரோடு பேசுவதில்லை என்று நினைக்கிறேன். எங்கள் போலி நான்காம் பாகம் இவை எல்லாவற்றையும்விட மேல். இதை நான் யாரிடமும் வாதிடத் தயார். அதைச் செய்த கில்லாடிக்கு குடும்பம் என்றால் என்னவென்று தெரிந்திருந்தது.

மூன்றாம் பாகம் வந்தபோது எனக்குப் பள்ளிக்கூடம் போகிற மகள் இருந்தாள். அவளைக் கூட்டிக்கொண்டு பாண்டியில் மேட்னி ஷோ போனேன். இடைவேளைக்கு முன்னால், இதுவரை யாரும் சொல்லாத ஒரு சொந்தக்காரர் திரையில் வந்து இறங்கினார். அப்பா நரியின் தம்பி. வந்ததும் சொத்தைப் பற்றிப் பேசினார். இத்தனை வருடம் கழித்து அந்தக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவர இவர்களுக்குத் தோன்றியிருக்கிறது, அதிலும் சித்தப்பாவை. எனக்கு வந்த கோபத்தில் பாப்கார்னை மகளிடம் கொடுத்துவிட்டேன். கோபத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. இவர்கள் விட்ட இடத்தை என் மாமா எப்போதோ நிரப்பியிருந்தார். அதை நான் தப்பு என்று சொல்லி அழித்திருந்தேன்.

படம் முடிந்து வெளியில் வந்ததும் விழுப்புரம் பஸ்ஸைப் பிடிக்கவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு பொம்மையார்பாளையம் போனேன். மாமா வீட்டு வாசலில், பீச் பக்கத்து கெஸ்ட் ஹவுஸ் ஒன்றுக்குப் பெயர்ப் பலகை எழுதிக்கொண்டிருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. அத்தை டீ போட உள்ளே போனார். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொல்லிவிட்டேன்.

"மாமா, அன்னிக்கி நீ தெரியாம வரைஞ்சிட்டன்னு அப்பாகிட்ட சொன்னேன் இல்ல, அது பொய். கரடிய மாமான்னு சொன்னது நான். நீ நான் சொன்னதத்தான் வரைஞ்ச."

அவர் எழுதிக்கொண்டிருந்த எழுத்தை முடித்தார்.

"தெரியும் பாப்பா. மொத கேசட்டு வாங்கறதுக்கு முன்னாடியே பாண்டியில நான் அந்தப் படத்தப் பாத்துட்டேன். அதுல கரடியே கெடையாது."

அப்புறம் ஏன் வரைந்தாய் என்று கேட்டேன்.

"நீ மாமான்னு சொன்ன. எனக்கு அது புடிச்சிருந்துச்சி."

"அப்ப அப்பா கத்தனப்ப ஏன் மாமா சும்மா இருந்த? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

"இன்னான்னு சொல்றது? ஒங்கப்பா ஊர்ல ஒருத்தர் பேச்சயும் காதுல வாங்காத ஆளு. நீ சொன்னா மட்டும் ஒக்காந்து கேட்டுக்கினு இருந்தாரு. நான் வாயத் தொறந்திருந்தா, அப்பறம் அந்த ஊட்ல உன்ன யாரு கேப்பாங்க?"

அழுகை வந்தது, அழுதேன். ஒன்றும் தெரியாத என் மகள், இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்று, இப்போதுதான் படம் பார்த்துவிட்டு வருவதாகவும் அதில் ஒரு சித்தப்பா வருவதாகவும் சொன்னாள். படம் எப்படி இருந்தது என்று மாமா அவளைக் கேட்டார். நன்றாகவே இல்லை, ஏனென்றால், என்று அவள் ஆரம்பித்தாள். மாமா பிரஷைக் கீழே வைத்துவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.